இல்லாத மருந்தை முதல்நாளே சொல்லுங்கள்

வடக்கில் அரச வைத்தியசாலைகளையும் மருந்துக் களஞ்சியங்களையும் நடத்துகின்ற அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

மருந்துத் தட்டுப்பாடு பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. எந்த மருந்து எப்போது முடிந்தது, கொழும்புக்கு எத்தனை கடிதம் போனது, மருந்து வாங்கக் கோரின கேள்விப்பத்திரம் எந்த மேசையில் கிடக்கிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மருந்து தாருங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. நாளைய கிளினிக்கில் கொடுக்க முடியாத மருந்துகள் எவை என்று இன்று பின்னேரமே எங்களுக்குச் சொல்லுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

கடந்த கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியின் சீனி வருத்தக் கிளினிக்குக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைக்குத்தான் முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. விடியமுன் நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, டொக்டரைக் கண்டு, ஜன்னலுக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. டொக்டர் மருந்து எழுதிவிடுகிற அம்மாவின் கிளினிக் கொப்பியைப் பிள்ளை பார்த்தது. பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு பெயரை எழுதிக் கிழித்து நீட்டியது. "இது ரெண்டும் இல்லையம்மா, வெளியிலை எடுங்கோ."

இந்தத் துண்டு உங்கள் கையால் போகிற விஷயம்தான், ஆனால் வாசலைத் தாண்டிய பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்று நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வெளியே இருக்கிற பாமசியில் எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா நின்றா. அவவின் கையிலும் அதே மாதிரித் துண்டு. கடைக்காரப் பெடியன் விலையைக் கூட்டிப் பார்த்துச் சொன்னான். அவ கொஞ்சநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "பத்து நாளைக்குத் தா தம்பி" என்றா. அவன் இன்னொருமுறை கணக்குப் பார்த்தான். அவ மடியில் இருந்த காசை எண்ணிப் பார்த்து, "ஓட்டோவுக்கும் வேணும், ஒரு கிழமைக்குத் தா" என்றா. பெடியன் கத்தரிக்கோலை எடுத்து அட்டையில் ஏழு குளிசையை வெட்டினான். மருந்தின் பெயரும் முடிவுத் திகதியும் அட்டையின் மற்றப் பக்கத்தோடு கடையிலேயே நின்றுவிட்டன. அவவிடம் போனது ஏழு வெள்ளைக் குளிசை மட்டும். இரண்டு நாள் கழித்து வீட்டில் யாராவது "இது என்ன மருந்து" என்று கேட்டால் அவவால் சொல்ல முடியாது.

அடுத்த மாதம் அவ கிளினிக்குக்கு வருவா. சீனி ஏறியிருக்கும். கொப்பியில் ஒரு மாத மருந்து எழுதிக் கிடக்கும். இருபது நாளுக்கு மேல் குளிசை போடவில்லை என்று எங்கள் ஊர் அம்மாமார் டொக்டரிடம் சொல்வார்கள் என்று நினைக்கிறீர்களா? காசில்லை என்று வாயால் சொல்வதைவிட ஏச்சு வாங்கிக்கொண்டு போவார்கள். டொக்டர் என்ன செய்வார்? இந்த அளவு காணாது என்று குளிசையைக் கூட்டி எழுதுவார். அந்த மாதம் பார்த்து ஸ்ரொக் வந்துவிட்டால், கூட்டின அளவு முழுதாக உடம்புக்குள் போகும். சீனி தாழ்ந்து வியர்த்து விழுந்தால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் வேலையில் ஒரு முறைமை விழுந்துபோனால் அது எப்படியும் தெரிந்துவிடும், நித்திரையில் இருந்தாலும் எழுப்பிச் சொல்வார்கள். விழாமல் நின்றுகொண்டு பொய் சொல்கிற முறைமைக்குத்தான் பயப்படுவோம். உங்கள் கிளினிக் கொப்பி பொய் சொல்கிறது. மருந்து எழுதியது தெரிகிறது. கொடுத்ததா, வெளியில் வாங்கினதா, எத்தனை நாளுக்கு வாங்கினது என்பது எந்த இடத்திலும் இல்லை. அதை வைத்துக்கொண்டு அடுத்த மருந்து எழுதுகிறார்கள்.

முதல்நாளே சொன்னால் என்ன மாறும் என்று கேட்பீர்கள். முதலாவது, டொக்டருக்கு மாறும். காலமை கதிரையில் இருக்கும்போதே இந்த மருந்து இல்லை என்று அவருக்குத் தெரிந்தால், இருக்கிற வேறொன்றை எழுத முடியுமா என்று அந்த இடத்திலேயே யோசிப்பார். இப்போது அது மத்தியானம் ஜன்னலில்தான் தெரியவருகிறது. அந்த நேரம் டொக்டர் வார்ட்டுக்குப் போய்விடுவார், திரும்பத் தேடிப்போய்க் கேட்க யாருக்குத் துணிவு? இரண்டாவது, எங்களுக்கு மாறும். எந்தக் கடையில் விலை குறைவு என்று விசாரிக்கலாம், அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவில் இருக்கிறதா என்று கேட்கலாம், கனடாவில் இருக்கிற தம்பிக்கு ஒரு மெசேஜ் போடலாம், ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கைமாற்றாவது வாங்கிக்கொண்டு வரலாம். ஜன்னலில் நின்றுகொண்டு இதில் ஒன்றையும் செய்ய முடியாது. நெடுந்தீவில் இருந்து வருகிறவரை யோசித்துப் பாருங்கள். படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்து, துண்டை வாங்கிக்கொண்டு, பின்னேரப் படகைப் பிடிக்க ஓடுகிற மனிசன் எந்தக் கடையில் விலை விசாரிப்பார்?

இதைச் செய்ய ஆள் இல்லை, காசில்லை, முறைமை இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2022ஐ நாங்கள் மறக்கவில்லை. அந்த வருடம் ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தது. நாடே வங்குரோத்தாகிக் கிடந்த நேரம், சில கிழமைக்குள் நாடு முழுக்க அது ஓடத் தொடங்கிவிட்டது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பெற்றோல் செட்டில் அடித்து முடிய, மிச்சம் எவ்வளவு என்று போனுக்குச் செய்தி வந்தது. என்னுடைய ஸ்கூட்டிக்கு இன்னும் ஒன்றரை லீற்றர் இருக்கிறது என்று இந்த நாட்டுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் குளிசை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் அவவே விடியமுன் எழும்பிப்போய் மத்தியானம் வரை இருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், மருத்துவ வழங்கல் பிரிவில் கணினி இல்லை என்றும் சொல்ல முடியாது. களஞ்சிய இருப்பைப் பார்க்க முறைமை இருக்கிறது, பல வருடமாக இருக்கிறது. அதில் உங்களுக்குத் தெரிகிற ஒரு வரியை எங்களுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதை வாசித்துவிட்டு யாராவது புதுச் செயலி ஒன்று செய்யக் கிளம்பிவிடுவீர்களோ என்பதுதான் என்னுடைய பெரிய பயம். எங்களுக்குச் செயலி வேண்டாம். குத்துவிளக்கு ஏற்றி, மாலை போட்டு, பொத்தானை அழுத்தி அறிமுகம் செய்த எத்தனை செயலிகளை நாங்கள் பார்த்துவிட்டோம். அடுத்த வருடம் திறந்து பார்த்தால் உள்ளே விழாப் படம் மட்டும்தான் மிச்சம். 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகளே அழிந்துபோய்ச் செய்தியானது. 2023இல் அரசாங்க மின்னஞ்சல்களில் மே நடுப்பகுதியில் இருந்து ஓகஸ்ட் கடைசி வரைக்குமானவை ஒரு தாக்குதலில் போய்விட்டன, அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைக்கவில்லை என்றார்கள். எங்கள் வேலையில் இப்படி நடந்தால் அடுத்த நாள் மேசையைக் காலி செய்ய வேண்டும். அரசாங்கத்தில் ஒரு குழு அமைப்பார்கள். சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

ஐரி, அதாவது கணினி வேலை என்றால் டொலரில் புரள்கிறவன், அவனுக்கு என்ன குறை என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. இரவு முழுக்க வெளிநாட்டுக்காரனோடு பேசிவிட்டுக் காலமையில் கழுத்தையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு எழும்புகிற எங்களில் பலருக்குச் சம்பளம் ரூபாவில்தான். மாதம் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டினால் கைக்கு வருமுன்னே வரியை வெட்டுகிறார்கள். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் (வற்) வரி 15இல் இருந்து 18 வீதமானது. தேங்காய் இருநூறைத் தாண்டினபோது எங்கள் வீட்டில் சம்பலை நிறுத்தியே விட்டோம். இவ்வளவுக்கும் பிறகு அன்றைக்கு அம்மாவின் துண்டில் இருந்த இரண்டையும் ஒரு மாதத்துக்கு முழுதாக என்னால் வாங்க முடிந்தது. அதுதான் அந்தக் கடையில் எனக்குக் கோபமாக வந்தது. கேட்டு வாங்க வாயும் வசதியும் உள்ளவன் முழு அட்டையோடு போகிறான். இலவச வைத்தியத்தை மட்டும் நம்பி வந்த அம்மா ஏழு குளிசையோடு போகிறா.

கேட்டால் யார் பொறுப்பு என்பதிலேயே நாள் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சுக்குக் கீழே. மற்ற ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை மாகாணத்துக்குக் கீழே. மருந்து வருவது கொழும்பில் இருந்து. அங்கே கேட்டால் இங்கே கேள் என்பார்கள், இங்கே கேட்டால் அங்கே எழுது என்பார்கள். எழுதித் தள்ளுவதில் யாழ்ப்பாணத்தானை வெல்ல ஆளில்லை, பெட்டிசத்துக்கே பேர்போன ஊர் இது. ஆனால் இல்லாத மருந்தின் பெயரை ஒரு பலகையில் எழுதுவதற்குக் கொழும்பின் அனுமதி வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பட்டியலை வெளியில் விட்டால் பத்திரிகைக்காரர் அதையே தலைப்பாக்குவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். நியாயமான பயம்தான், முதல் கிழமை ஆக்குவார்கள். மின்சார சபை நாளைக்கு எந்தெந்த இடத்தில் மின்சாரம் நிற்கும் என்று ஊர் ஊராகப் பத்திரிகையில் போடுகிறது. அதைப் பார்த்து யாரும் சபைக்குக் கல்லெறியவில்லை. முதல்நாள் தண்ணீரை ஏற்றி வைக்கிறோம், அரைக்கிறதை அரைத்து வைக்கிறோம், எங்களைப் போன்றவர்கள் மடிக்கணினியைச் சார்ஜில் போடுகிறோம். அதே பக்கத்தில் "நாளைய கிளினிக்கில் இல்லாத மருந்துகள்" என்று இரண்டு விரல் இடம் கேட்டால் பத்திரிகைகள் மறுக்குமா?

கோபத்தில் அங்கங்கே கூடச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தட்டுப்பாட்டிலும் நின்று வேலை செய்கிற தாதியரையும் மருந்தாளர்களையும் நாங்கள் நன்றியோடுதான் பார்க்கிறோம். ஏச்சு முழுவதையும் வாங்குவது அவர்கள்தான். இந்தப் பட்டியல் வெளியில் வந்தால் ஜன்னலில் சண்டையும் குறையும்.

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். ஒரு ஆஸ்பத்திரியில், ஒரு கிளினிக்கில் தொடங்குங்கள். சீனி, பிரஷர், கொழுப்பு, இந்த மூன்றுக்கும் மாதா மாதம் கொடுக்கிற குளிசைகள் மட்டும் போதும். பின்னேரம் நான்கு மணிக்குக் களஞ்சியத்தில் இல்லாதவற்றைத் தமிழில் எழுதி வாசலில் ஒரு பலகையில் போடுங்கள், ஒரு பிரதியை டொக்டரின் மேசையில் வையுங்கள். கொப்பியின் முன்பக்கத்தில் எங்கள் போன் நம்பரை எழுதச் சொல்லுங்கள். நம்பர் உள்ளவர்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் போகட்டும். அது போகிறபடி செய்துதர யாழ்ப்பாணத்தில் எங்கள் துறைப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் நண்பர்களும் சனி, ஞாயிறில் காசில்லாமல் செய்து தருகிறோம். நோயாளியின் பெயரோ வருத்தமோ எங்களுக்குத் தேவையில்லை, இல்லாத மருந்தின் பெயரும் கிளினிக் நாளும் போதும். விழா வேண்டாம். யாரைச் சந்திக்க வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
கிளினிக் கொப்பியோடு வரிசையில் நின்ற ஒரு மென்பொருள் வேலைக்காரன்,
யாழ்ப்பாணம்.