நெரிசலில் சூடாகும் இன்ஜின்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போக்குவரத்து நெரிசலில் கார் இன்ஜின் சூடாவது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பில், தெர்மோஸ்டாட்டைக் (இன்ஜின் போதிய சூடு அடையும் வரை குளிர்விக்கும் திரவம் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வை) கழற்றிவிட்டால் சூடு குறையும் என்று எழுதப்பட்டிருந்தது. பட்டறைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் இந்த யோசனையை நம்பிப் பணத்தையும் நாட்களையும் இழந்தவன் நான் என்பதால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கார் நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் ஓடினாலும் வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கும். நெரிசலில் நின்று நின்று நகரத் தொடங்கினால் பத்து நிமிடத்துக்குள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். மறுபடி வேகம் பிடித்ததும் தானாகவே இறங்கிவிடும். பட்டறையில் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார்கள். பலனில்லை என்றதும் அந்தத் திரவத்தைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பை மாற்றினார்கள். அதற்கும் அடங்காதபோது, அந்தத் திரவத்தைக் காற்றால் ஆறவைக்கும் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். எப்போது சூடாகிறது, எப்போது ஆறுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொரு மெக்கானிக்கிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பதிலைக் கேட்டதும் இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னார். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் தொடாமல் ஓரிரு நிமிடம் பார்த்தபடி நின்றார். ரேடியேட்டர் ஃபேன் அசையவே இல்லை. ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஃபேன் ரிலேயை, அதாவது ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சை, பிடுங்கி என் கையில் வைத்தார். அதன் ஒரு கால் கருகியிருந்தது. காலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. அந்த ரிலேயையும், சூட்டில் தளர்ந்துபோன அதன் சாக்கெட்டையும் மாற்றி, முன்பு கழற்றப்பட்ட தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாகப் புதியது ஒன்றையும் பொருத்தினார். அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இதற்கான காரணம் எளிது. கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதுமானது. நின்றுவிட்டால் அந்தக் காற்று இல்லை; ஃபேன் இழுக்கும் காற்று மட்டுமே மிஞ்சுகிறது. ஆகவே நெரிசலில் மட்டும் சூடாகி, ஓட்டத்தில் ஆறிவிடும் இன்ஜினில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றோட்டத்தைத்தான். ஓட்டத்திலும் சூடு ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றின் பக்கம் பார்வை திரும்ப வேண்டும்.

பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றாவிட்டால் ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம்: அப்போது சுற்றினால் மோட்டார் நலம், குறை ஃபியூஸ், ரிலே, வெப்ப உணரி, வயரிங் இவற்றில் ஒன்றில் இருக்கிறது. இரண்டு வேகங்களில் ஓடும் ஃபேன்களில், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்து, குறைந்த வேகம் மட்டும் செத்துப்போவதும் உண்டு. ஃபேன் சுற்றுகிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடவும் கூடாது. மோட்டாரை மாற்றியபோது வயர்களை இடம் மாற்றி இணைத்திருந்தால் அது எதிர்த்திசையில் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் கார்களில், முன்பக்கம் ஒரு தாளைப் பிடித்தால் அது உள்நோக்கி இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளப்பட்டால் வயரிங்கைச் சரிபார்க்க வேண்டும்.

ஃபேன் ஒழுங்காக ஓடியும் சூடு ஏறினால், ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசியின் சூட்டை வெளியேற்றும் பகுதிக்கும்) ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இடுக்கைப் பார்க்க வேண்டும். தூசியும் பூச்சிகளும் பஞ்சும் அங்கே கம்பளம் போலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. மெல்லிய தகடுகள் மடங்காதபடி குறைந்த அழுத்தத்தில், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டைத் தேவையற்றதென்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் ஃபேன் ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் காற்றை இழுக்காது.

ரேடியேட்டர் மூடியையும் ஒரு சாதாரண மூடி என்று எண்ணிவிடக் கூடாது. பாதி நீரும் பாதி கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கச் சேர்க்கும் ரசாயனத் திரவம்) கலந்த கலவை திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 106 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். நல்ல மூடி அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால் அந்தக் கொதிநிலை 120 டிகிரிக்கும் மேலே போகிறது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். கூலன்ட் அடிக்கடி குறைந்தாலோ, இன்ஜின் ஓடும்போது அதில் இடைவிடாமல் குமிழ்கள் எழுந்தாலோ இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கத் தாமதிக்கக் கூடாது.

தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறேன். அது பொதுவாக 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்குகிறது. முழுவதும் திறந்த பிறகு நெரிசலில் ஏறும் சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைக் கழற்றினால் இன்ஜின் தேவையான வெப்பத்தை எட்ட நீண்ட நேரம் பிடித்து, எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில், கூலன்ட் ரேடியேட்டரைத் தவிர்த்து இன்ஜினுக்கே திரும்பும் மாற்றுவழியையும் தெர்மோஸ்டாட்தான் அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பி வந்து, சூடு இன்னும் ஏறும். தெர்மோஸ்டாட் உண்மையிலேயே பழுதானால் புதியதை மாற்ற வேண்டுமே தவிர, இல்லாமல் ஓட்டக் கூடாது.

முள் ஏறும்போது ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு அளவில் வைத்து, காரை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைப்பதே சரி. கொதிக்கும் நிலையில் மூடியைத் திறந்தால் நீராவி பீறிட்டு முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். சூடான இன்ஜின் மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். தங்கள் குறிப்பில் இந்த எச்சரிக்கைகள் ஒன்றுமே இடம்பெறவில்லை. அதைப் படித்தவர்களில் சிலர் இந்நேரம் பட்டறைக்குக் கிளம்பியிருக்கக்கூடும் என்பதால், அடுத்த வாகனப் பக்கத்திலேயே திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்