தௌச்சான் தூண்கள்

ரங்கூன், ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம்.

நீ அனுப்பிய சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவகப் போட்டோக்களை அம்மாவிடம் காட்டினேன். விமான இறக்கை மாதிரிக் கூரை என்று நீ எழுதியதை வாசித்ததும், "அங்கே போய்ப் பார்க்கிறா, இங்கே இருக்கிறதைப் பார்த்ததில்லையே" என்றாள். குற்றம் என்னுடையதுதான். ரங்கூனுக்கு வடக்கே 35 கிலோமீட்டர், ஒரு நாளும் உன்னைக் கூட்டிப் போகவில்லை. அதற்காகவே செவ்வாய்க்கிழமை மழையோடு பஸ் ஏறித் தௌச்சான் போய் வந்தேன், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்று செத்தவர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு.

நீ கட்டடம் படிக்கிறவள், அதனால் அதையே சொல்கிறேன். நடுவில் வட்ட மண்டபம். இரு பக்கமும் கை நீட்டினாற்போல் சதுரத் தூண் வரிசை. வடிவமைத்தவர் ஹென்றி பிரவுன். திறந்தது 1958 பிப்ரவரியில். உடல் கிடைக்காமல் போன ஏறக்குறைய 27,000 சிப்பாய்களின் பெயர்களைத் தூண்களில்தான் வெட்டியிருக்கிறார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வெறும் கல். கிட்டே போனால் தூண் முழுக்க ஆட்கள். அலங்காரம் எதுவும் வைக்காமல் விட்டாரே, அந்த மனிதருக்கு நல்ல மனசு.

முன்னால் புல்வெளியில் 6,374 கல்லறைகள். பலவற்றை அக்யாப், மந்தலை, மெய்க்திலாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தார்களாம். ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு. ஒன்றில் எழுத்துக்கு நடுவே மழைத்தண்ணீர் நின்றது, துண்டால் துடைத்தேன். பெயரே இல்லை. அப்படி 867 பேர். எரியூட்டப்பட்ட இந்துக்கள், சீக்கியர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது.

மண்டபத்தில் 'சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் மடிந்தார்கள்' என்று ஐந்து மொழியில் இருக்கிறது: இங்கிலீஷ், பர்மியம், இந்தி, உருது, குர்முகி. தமிழ் இல்லை. மதறாஸ் படைக்காரர்களின் பெயர்களைக்கூட இங்கிலீஷ் எழுத்தில்தான் கூட்டி வாசித்தேன். நேதாஜி படையில் சேர்ந்து இதே காடுகளில் செத்த தமிழர்களுக்கு அதுவும் கிடையாது. எதிர்ப்பக்கம் நின்றவர்கள் அல்லவா.

உன் தாத்தாவின் அண்ணன், என் பெரியப்பா, 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது கூட்டத்தோடு எல்லையிலுள்ள தமு வழியாக இந்தியாவுக்கு நடந்தார். போய்ச் சேரவில்லை. அவர் சிப்பாய் இல்லை, அரிசி மில் கணக்குப்பிள்ளை. அவர் பெயர் எந்தத் தூணிலும் இருக்காது என்று தெரியும். தெரிந்தும் அவர் பெயரின் முதலெழுத்து வந்த இடத்திலெல்லாம் நின்று தேடினேன். தோட்டக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, குடை வேண்டுமா என்று பர்மியத்தில் கேட்டார்.

அடுத்த வாரம் ஆடி அமாவாசை. வழக்கம்போல அவருக்கும் ஓர் இலை போடுவோம். தீஞ்ஞான் புத்தாண்டுக்கு வந்தால் காலையிலேயே உன்னைக் கூட்டிப் போகிறேன். வெயில் ஏறினால் தகடு கையைச் சுடும். வரும்போது அம்மாவுக்கு முட்டுவலித் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா.

அப்பா