பவர் பட்டனை அமத்தாதே, மச்சான்

வெள்ளவத்தை, கொழும்பு
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கால் நோ குறைந்தது பெரிய ஆறுதல். இங்கே மூன்று நாளாக மழை.

மகளின் கணினி இறுகிப்போனால் பவர் பட்டனை அமத்திப் பிடித்து நிறுத்திவிடுவதாக எழுதியிருந்தாய். அதை வாசித்ததிலிருந்து மனம் கேட்கவில்லை. போன கிழமை எனக்கும் அதே நடந்தது.

அப்பாவின் நாட்குறிப்புகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன் அல்லவா? அந்தப் படங்களைச் சிறிதாக்க ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காமல், அது எல்லாவற்றையும் மெமரிக்குள் ஏற்றிக்கொண்டே போனது. 8 ஜிபியும் நிரம்பியது. மவுஸ் அம்பு அசையவில்லை. திரையில் மணி 9.42இலேயே நின்றது. டிஸ்க் மட்டும் உள்ளே கரகரவென்று ஓடியது.

மெமரியில் இடம் போதாவிட்டால், என் கணினியை இயக்கும் லினக்ஸ் அதில் கொஞ்சத்தை டிஸ்கில் எழுதி வைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். புறக்கோட்டையில் ஒரு சின்னக் கடைக்காரர் ஒவ்வொரு மூட்டையையும் மாடிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாகவே நின்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? அதுதான் நடந்துகொண்டிருந்தது.

என் கையும் பவர் பட்டனுக்குத்தான் போனது. ஆனால் அன்று மாலை முழுக்கத் தட்டச்சு செய்த நாட்குறிப்புப் பக்கங்கள் சேமிக்காமல் திறந்து கிடந்தன. கப்ஸ் லொக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து அதன் சின்ன விளக்கு எரிந்தது. சரி, உள்ளே உயிர் இருக்கிறது!

கொன்ட்ரோல், அல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். நாலைந்து நிமிடம் கழித்துக் கறுப்புத் திரை வந்தது. பெயரைக் கொடுத்தேன். கடவுச்சொல் கேட்பதற்குள் 60 வினாடி முடிந்து வெளியே தள்ளிவிட்டது. மூன்றாம் தடவைதான் உள்ளே விட்டது. ஓடும் புரோகிராம்களை வரிசைப்படுத்திக் காட்டும் ‘டொப்’ என்ற கட்டளையில் என் புரோகிராம் முதல் வரியில் நின்றது. வெறும் ‘கில்’ கொடுத்தால் முடித்துக்கொள் என்று அதனிடம் சொல்வது மட்டும்தான். அது எழுந்து கேட்க வேண்டுமே! ‘கில் -9’ கொடுத்தேன். அதைப் புரோகிராம் மறுக்க முடியாது, லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலே முடித்துவிடும். சிறிது நேரத்தில் டிஸ்க் சத்தம் அடங்கியது.

இப்போது அந்தப் புரோகிராமை ஓடவிடுமுன், கட்டளை தட்டும் அதே டெர்மினல் திரையில் ‘யூலிமிட் -வி 4000000’ என்று கொடுக்கிறேன். ஏறக்குறைய 4 ஜிபியைத் தாண்டினால் அந்தப் புரோகிராம் மட்டும் பிழை காட்டி நிற்கும், மற்றதெல்லாம் ஓடும்.

மகளுடையது விண்டோஸ்தானே. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல். டாஸ்க் மேனேஜர் வர நேரம் எடுக்கும், பத்து நிமிடம் என்றாலும் பொறுத்திருக்கட்டும். ‘மெமரி’ என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்பது மேலே வரும். அதை மட்டும் முடித்தால் போதும்.

அன்று தப்பியது 1978 நவம்பர் 23ஆம் திகதிப் பக்கம், மச்சான், மட்டக்களப்புச் சூறாவளி நாள். உங்கள் வீட்டுக் கூரை போனதையும், விடியும்வரை எல்லோரும் எங்கள் குசினிக்குள் இருந்ததையும் அப்பா எழுதியிருக்கிறார். பிரதி இத்துடன் இருக்கிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

அன்புடன்,
உன் நண்பன்