பத்து விநாடி கூடுதலாகக் கொடுங்கள்

போக்குவரத்துத் துறை அலுவலர்களுக்கும் சாலைத் திட்டப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். அகலப்படுத்திய சாலையில் நூலகத்துக்கு எதிரே இருக்கும் சிக்னலைப் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டையும் உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் அனுப்பினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு வந்தது. "மேற்படி இடத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் உயிரிழப்பு ஏதும் பதிவாகவில்லை, ஆகவே சிக்னல் நேரத்தை மாற்ற வேண்டிய அவசியம் எழவில்லை" என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்த முறை எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் கேட்பது அதேதான். நடந்து கடப்பவர்களுக்கான பச்சை விளக்கு இப்போது 20 விநாடி எரிகிறது. அதை 30 விநாடி ஆக்குங்கள். சாலையை அகலப்படுத்தியபோது இடித்த நடுத்திட்டை மறுபடி கட்டிக் கொடுங்கள்.

என் அம்மாவுக்கு 76 வயது. போன மாதம் ஒரு மாலை நூலகத்துக்குப் போகப் பச்சை விளக்கு வந்த பிறகே சாலையில் இறங்கியிருக்கிறார். பாதியைத் தாண்டியதும் சிவப்பு விழுந்துவிட்டது. முன்பெல்லாம் இப்படி ஆனால் நடுவில் ஏறி நிற்க ஒரு திட்டு இருந்தது. அடுத்த பச்சைக்கு அங்கேயே காத்திருந்து மீதியைக் கடந்துகொள்ளலாம். இப்போது அங்கே வெறும் வெள்ளைக் கோடுதான் இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் பாய, அந்தக் கோட்டின் மேல் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பின்னால் போன ஒரு பைக்கின் கைப்பிடியில் பையின் வார் மாட்டி அறுந்து, உள்ளே இருந்த புத்தகம் சாலையில் விழுந்தது. கடைசியில் ஒரு லாரி ஓட்டுநர் வண்டியைக் குறுக்காக நிறுத்தி, கையை வெளியே நீட்டி மற்றவர்களைத் தடுத்து அம்மாவைக் கடக்க வைத்திருக்கிறார். அவர் யாரென்று தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. அன்று அந்தப் பக்கம் நின்றிருந்த அண்டை வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்துச் சொல்லித்தான் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "என் கால்தான் மெதுவாப் போச்சு, அதுக்கு யார் என்ன செய்ய முடியும்" என்றார். தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பைக் உரசியதைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதன் பிறகு நாலு மாலை கைப்பேசியில் விநாடிக் கடிகாரத்தை ஓடவிட்டு அந்தச் சந்திப்பிலேயே நின்றேன். ஆறு தடம், மொத்தம் 24 மீட்டர் அகலம், 20 விநாடி. அப்படியானால் விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்க வேண்டும். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பல நாடுகளில் சிக்னல் நேரத்தைக் கணக்கிட நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் நடைவேகம் அது. ஆனால் அந்த வேகத்தில் யார் நடக்கிறார்கள்? இங்கிலாந்தில் 65 வயது தாண்டியவர்களின் நடையை அளந்து 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆண்களின் சராசரி விநாடிக்கு 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8 மீட்டர். அம்மாவும் கிட்டத்தட்ட அந்த வேகம்தான், வீட்டுக் கூடத்தில் நடக்கச் சொல்லி அளந்துவிட்டேன். 20 விநாடியில் அவர் 16 மீட்டர் போவார். மீதி 8 மீட்டர், முழுசாக இரண்டு தடம், சிவப்பு விளக்கில்தான் கடக்க வேண்டும். நடைமேடையிலிருந்து இறங்கத் தயங்கும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. 30 விநாடி கொடுத்தால் 24 மீட்டரையும் கடந்துவிடுவார். நான் கேட்கும் பத்து விநாடி இந்தக் கணக்கில் வந்ததுதான்.

அம்மாவின் கால் மெதுவாகிவிடவில்லை, ஐயா. உங்கள் விளக்குதான் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. கைத்தடி வைத்திருப்பவர், கர்ப்பிணி, ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக வருபவர், காலில் கட்டுப் போட்டவர் என்று யாரையும் அது எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாலு நாளும் பார்த்தேன். முதியவர்கள் பச்சை வந்ததும் நடப்பதில்லை, ஓடப் பார்க்கிறார்கள். அந்த வயதில் ஓடி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு பலர் பழையபடி எழுந்து நடமாடுவதில்லை.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். உயிரிழப்பு பதிவாகவில்லை என்கிறீர்கள், உண்மைதான். ஆனால் ஏன் பதிவாகவில்லை என்று ஒரு தடவை அங்கே வந்து நின்று பாருங்கள். கடக்க முடியாதவர்கள் கடப்பதையே விட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பிறகு அம்மா நூலகத்துக்குப் போகவில்லை. உங்கள் பதிவேட்டில் அவர் இனி ஒருபோதும் விபத்தாக வரமாட்டார். அதைப் பாதுகாப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

இங்கிலாந்தில் இதே கணக்கை ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 1971-இல் அங்கே 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதம். அந்த இருபது ஆண்டுகளில் வண்டிகள் பெருகின, ஆனாலும் சாலையில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. சாலை பத்திரமாகிவிட்டது என்று மகிழ்ந்திருக்கலாம். ஆய்வாளர்கள் சொன்னது வேறு: சாலை ஆபத்தானதால் பெற்றோர் பிள்ளைகளை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் சந்திப்பில் பிள்ளைகளுக்கும் அம்மா வயதுக்காரர்களுக்கும் நடந்திருப்பது இதுதான்.

நடப்பதை விட்டால் உடம்பு என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தினம் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்பது மருத்துவர் சொன்னது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நூலகத்துக்குப் போய்வருவதுதான் அம்மாவுக்கு அந்த அரைமணி நேரம். மாத்திரையோடு மாத்திரையாக அவர் தவறாமல் எடுத்துக்கொண்ட மருந்து அது. அங்கே பேச்சுத் துணைக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் சாலைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள், அவர்களும் போவதில்லையாம். சான் பிரான்சிஸ்கோவில் 1960-களின் கடைசியில் ஒரு பேராசிரியர் மூன்று தெருக்களை ஒப்பிட்டுப் பார்த்தார். வண்டி குறைவாக ஓடிய தெருவில் இருந்தவர்களுக்கு, வண்டி நெரிந்த தெருவில் இருந்தவர்களைப்போல மூன்று மடங்கு நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். அந்தப் பேராசிரியரே 1982-இல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்துபோனார்.

சாலையை அகலப்படுத்தியது நெரிசலைக் குறைக்கத்தானே? குறைந்ததா? முதல் சில மாதம் குறைந்தது. இப்போது நாலு தடத்தில் நின்ற வண்டிகள் ஆறு தடத்தில் நிற்கின்றன. அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைகளை வைத்து 2011-இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைத்தான் காட்டினார்கள்: சாலை எந்த அளவு கூடுகிறதோ ஏறக்குறைய அதே அளவு வண்டி ஓட்டமும் கூடிவிடுகிறது. நெரிசல் இல்லாத நேரத்தில் அகலமான சாலை வேகத்தைக் கூட்டுகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2021-இல் மட்டும் உலகம் முழுக்கச் சாலையில் 11.9 லட்சம் பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 23 பேர் நடந்து போனவர்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களைக் கொல்வதில் எந்த நோயையும்விடச் சாலைதான் முன்னே நிற்கிறது. ஒரு தொற்றுநோய் இத்தனை பேரைக் கொண்டுபோயிருந்தால் நாம் இப்படி அமைதியாக இருந்திருப்போமா?

மோதாமலே கொல்வதும் உண்டு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று 2012-இல் உறுதியாகவே வகைப்படுத்திவிட்டார்கள். லண்டனில் பரபரப்பான சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி 2013-இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் இறப்புக்குக் காற்று மாசும் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பு எழுத 2020 டிசம்பர் வரை ஆனது, அதுவும் அவளுடைய தாய் விடாமல் போராடிய பிறகு. ஆண்டுச் சராசரியாக நைட்ரஜன் டை ஆக்சைடு ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த உலக சுகாதார நிறுவனம், 2021-இல் அதை 10 ஆகக் குறைத்துவிட்டது. மின்சார வண்டிகள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். புகை போகும், நல்லதுதான். டயரும் பிரேக்கும் தேய்ந்து வரும் தூசு போகாது. மோதினால் எலும்பும் பிழைக்காது. அப்புறம் சத்தம். எங்கள் வரிசை வீடுகளில் இரவிலும் யாரும் சன்னலைத் திறப்பதில்லை. ஓயாத வண்டிச் சத்தத்துக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது இன்று மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட விஷயம்.

மன்னிக்க வேண்டும். எங்கோ போய்விட்டேன். உலகத்தின் காற்றையும் சத்தத்தையும் ஒரே கடிதத்தில் உங்கள் தலையில் சுமத்துவது நியாயமில்லை. நான் கேட்க வந்தது பத்து விநாடியும் ஒரு திட்டும்தான்.

அதற்குப் பதிலாக நடைமேம்பாலம் கட்டும் யோசனை இருப்பதாக உங்கள் பதிலில் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். மூட்டு வலிக்காரர் படியேறி இறங்க வேண்டும், வண்டிகள் மட்டும் சமதரையில் போக வேண்டும் என்றால் அந்தச் சாலை யாருக்கானது? மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் மிகச் சிறிய பங்கு போதும் நான் கேட்பதற்கு. சிக்னல் நேரத்தை மாற்ற ஒரு ஆள், அரைநாள் வேலை.

எல்லா நேரமும் கூடுதல் விநாடி கொடுத்தால் வண்டிகள் தேங்கும் என்று கவலைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது. சிங்கப்பூரில் 2009 முதல், முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு கூடுதலாக எரிகிறது. சாலை அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை. அந்த அட்டையோடு யாரும் வராத நேரத்தில் வண்டிகளுக்கு ஒரு விநாடியும் குறையாது. இன்னும் பெரிதாக யோசித்த இடங்களும் உண்டு. மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை வைத்தே சாலையை வடிவமைக்க வேண்டும் என்று சுவீடன் நாடாளுமன்றம் 1997-இல் முடிவெடுத்தது. ஆஸ்லோ நகரில் 2019-ஆம் ஆண்டு முழுவதும் நடந்தோ மிதிவண்டியிலோ போன ஒருவர்கூடச் சாலையில் இறக்கவில்லை. அங்கே மக்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கவும் இல்லை. இவ்வளவையும் உங்களிடம் கேட்கவில்லை, இது முடிகிற காரியம்தான் என்று சொல்லவே எழுதினேன்.

உங்கள் வேலை எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். பத்து விநாடி கூட்டினால், காத்திருக்கும் ஓட்டுநர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள். நடப்பவர்கள் திட்டமாட்டார்கள், அம்மாவைப்போலத் தங்களையே நொந்துகொண்டு வீட்டுக்குள் இருந்துவிடுவார்கள். அவர்கள் சார்பில் யாராவது கேட்க வேண்டும் என்றுதான் மறுபடி மறுபடி எழுதுகிறேன்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பச்சை விளக்கை 30 விநாடி ஆக்குங்கள். நடுத்திட்டைத் திரும்பக் கட்டுங்கள். திட்டுக்கு நாளாகும் என்றால் விநாடியை மட்டுமாவது இந்த வாரமே மாற்றுங்கள். முடிவெடுக்கும் முன் உங்களில் ஒருவர் ஒரு மாலை ஐந்தரை மணிக்கு அங்கே வாருங்கள், நானும் வருகிறேன். விநாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில், அவசரப்படாமல், அந்தச் சாலையை ஒருமுறை சேர்ந்து கடந்து பார்ப்போம்.

அன்று சாலையில் விழுந்த நூலகப் புத்தகத்தை யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் டயர் தடத்தோடு அது இப்போது எங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது, கெடு தாண்டிவிட்டது. நான் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். அம்மா விடவில்லை, தானே போய்க் கொடுப்பாராம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அந்தச் சாலைக்கு இந்தப் பக்கம் வசிக்கும் ஒருவர்