ஊருக்கு ஒரு பங்கில் ஒரு இ10 குழாய் வேண்டும்: பெட்ரோலியத் துறைக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய பெட்ரோலியத் துறையில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், எண்ணெய் நிறுவன அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தேனி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2011 மாடல் பெட்ரோல் கார், 800 சிசி. இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் (கரும்பு, மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எரிசாராயம்) கலந்த பெட்ரோல் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை; 10 சதவீதம் கலந்தால் அது இ10. 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை 2030-லிருந்து முன்னுக்கு இழுத்ததும் நீங்கள்தான், 2025-லேயே எட்டிவிட்டோம் என்று அறிவித்ததும் நீங்கள்தான். ஆண்டிப்பட்டி கணவாயில் எங்களுக்கு நடந்தது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

என் அம்மாவுக்குக் கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை, மதுரையில். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 30 தடவை. போக வர 150 கிலோமீட்டர். பஸ்ஸில் கூட்டிப்போகிற நிலையில் அவர் இல்லை. இதே ரோட்டில் முன்பெல்லாம் லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி, இப்போது பதினாறரையைத் தாண்டுவதில்லை. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் கூடுதல், அதாவது 75 ரூபாய். உங்களுக்கு இது சின்னத் தொகையாகத் தெரியலாம். அம்மாவுக்கு இரண்டு வேளை இளநீர் வாங்கும் காசு அது. வேறெதையும் விழுங்க முடியாத நாட்களில் இளநீர்தான் இறங்கியது.

இந்த நிலையில்தான் ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், "ஆக்சிஜன் சென்சார்ல ஒரு பாக்ஸ் மாட்டினா மைலேஜ் ஏறிரும்ணே, இ20 வந்ததுல இருந்து எல்லாரும் இதத்தான் மாட்டுறாங்க" என்றார்கள். 3,500 ரூபாய். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. சென்சாரிலிருந்து வரும் வயரை வெட்டி, நடுவில் அதைச் சேர்த்து, டேப் சுற்றி, டேஷ்போர்டுக்கு அடியில் செருகிக் கொடுத்தார்கள்.

அது என்ன செய்கிறது என்பதைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போனால், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்கும் அந்தச் சென்சார் 0.9 வோல்ட் பக்கம் காட்டும், குறைந்தால் 0.1 பக்கம் போகும். அதைப் பார்த்துத்தான் இன்ஜினின் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கலாம் என்று முடிவு செய்கிறது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதுதான் காரணம். அதனால் இ20 ஊற்றியதும் சென்சார் "பெட்ரோல் பத்தவில்லை" என்று சொல்கிறது, கம்ப்யூட்டரும் கூடுதலாகத் தெளிக்கிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக, மைலேஜ் குறைந்ததில் சென்சாரின் மேல் ஒரு குறையும் இல்லை. அந்தப் பெட்டி சென்சாரின் வோல்ட்டை ஏற்றிக் காட்டி, போதுமான பெட்ரோல் போகிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கிறது. இன்ஜினைப் பட்டினி போடுவதுதான் அதன் வேலை.

முதல் வாரம் மைலேஜ் ஏறியது உண்மை. இரண்டாவது வாரம் காலையில் ஸ்டார்ட் செய்தால் உதறியது. அப்புறம் ஏற்றத்தில் மிஸ்ஸிங். செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. 'அது அப்படித்தான், பரவாயில்லை, ஓட்டுங்க' என்று சொல்லிவிட்டார்கள்.

பத்தொன்பதாவது சிகிச்சை முடிந்து திரும்பும்போது, மத்தியானம் இரண்டு மணி இருக்கும், கணவாய் ஏற்றத்தில் வண்டி இழுவை இல்லாமல் திக்கித் திக்கி நின்றுவிட்டது. கீழேயிருந்து அழுகிய முட்டை நாற்றமும் சூடும். பின் சீட்டில் அம்மா. கழுத்துத் தோல் கறுத்து உரிந்திருந்த நேரம் அது, வியர்வை பட்டாலே எரியும். தண்ணீரைக்கூட அவரால் மடக்கென்று குடிக்க முடியாது. கைக்குட்டையை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, நீ பதறாத" என்றார். முக்கால் மணி நேரம் நின்றோம். தக்காளி கிரேடு ஏற்றிவந்த குட்டி யானைக்காரர் ஒருவர் நிறுத்தி, அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து ஆண்டிப்பட்டியில் இறக்கிவிட்டார்.

வேறொரு மெக்கானிக், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றிக் கையில் வைத்து ஆட்டிக் காட்டினார். உள்ளே கூழாங்கல் உருளுகிற சத்தம். மிஸ்ஸிங்கில் இன்ஜினுக்குள் எரியாமல் வந்த பெட்ரோல் அங்கே போய் எரிந்து, தேன்கூடு மாதிரி இருக்கும் உள்பகுதி உருகி உடைந்து அடைத்துவிட்டது. 28,000 ரூபாய் செலவு. மிச்சமிருந்த 11 நாளும் டாக்ஸி.

பெட்டியை மாட்டியது என் தவறு. இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை, மாட்டிக் கொடுத்தவரைக்கூட. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காற்று கெடக்கூடாது என்று சொல்லித்தான் எத்தனால் கலக்கிறீர்கள். பெட்ரோலைக் குறைத்து இப்படி ஓட்டினால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும், அதைப் பிடிக்க வேண்டிய கன்வர்ட்டரால் பிடிக்கவும் முடியாது. கன்வர்ட்டரே உடைந்த பிறகு சொல்லவே வேண்டாம். வேறு வழி வைக்காததால் பழைய வண்டிக்காரர்கள் இந்தப் பெட்டிகளை நோக்கிப் போகிறோம். வழி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஊருக்கு ஒரு பங்கில், ஒரு குழாயில் இ10 கொடுங்கள்.

இது நானாகக் கண்டுபிடித்த கோரிக்கையும் இல்லை. 2021 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையைப் பாருங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, இ10-க்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று அதிலேயே இருக்கிறது. பழைய வண்டிகளுக்காக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றும், எரிசக்தி குறைவதற்கு ஈடாக விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இதில் எது நடந்தது? எத்தனால் கலந்தது நடந்தது. விலை நூறு ரூபாய்க்கு மேலேயே நிற்கிறது. பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை 20,000, 30,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று 2025-ல் நீங்களே விளக்கம் தந்தீர்கள். அந்தச் செலவும் எங்கள் தலையில்தான்.

பிரேசிலைப் பாருங்கள் என்கிறீர்கள். பார்த்தேன். அங்கே எந்தக் கலவையிலும் ஓடும் வண்டிகள் 2003-லேயே வந்துவிட்டன. பங்கில் எத்தனாலுக்குத் தனிக் குழாய், தனி விலை. பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் எத்தனால் லாபம் என்று கணக்குப் போட்டு மக்கள் வாங்குகிறார்கள். பிரிட்டனில் 2021-ல் இ10 வந்தபோது, பழைய வண்டிகளுக்காக இ5-ஐயும் விட்டுவைத்தார்கள். அங்கெல்லாம் முடிகிறதே.

எங்களைப் பழைய வண்டியை விட்டொழிக்கச் சொல்வதுதான் எண்ணமா என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது. புது வண்டி வாங்க முடிந்தவன் எதற்குப் பழசை ஓட்டப்போகிறான்? கடனில் வாங்கி, கடன் முடிந்து, இப்போதுதான் இந்த வண்டி எனக்குச் சொந்தமாக இருக்கிறது. அதில்தான் அம்மாவை ஏற்றிப் போகிறேன்.

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். எத்தனாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்திலும் கரும்பு போடுகிறவர்கள், மக்காச்சோளம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நாலு காசு கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு இ20 தாராளமாகப் போகட்டும். அதற்கு முன்னால் வாங்கியவர்களுக்காக ஒவ்வொரு ஊரிலும் ஒரே ஒரு பங்கில், ஒரே ஒரு குழாயில் இ10 வேண்டும். அது வரும்வரைக்கும், உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறபடி இ20 விலையைக் குறைத்துக் கொடுங்கள்.

அம்மாவுக்குக் கதிர்வீச்சு முடிந்துவிட்டது. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் பரிசோதனைக்குப் போகவேண்டும். அடுத்த தடவை கிளம்புவதற்குள் தேனியிலோ ஆண்டிப்பட்டியிலோ உசிலம்பட்டியிலோ ஒரு இடத்தில் அந்தக் குழாய் இருக்கும்படி செய்ய வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேனி மாவட்டத்திலிருந்து ஒரு பழைய வண்டிக்காரர்