கதையின் பிற்பாதியையும் சொல்லுங்கள்

கொழும்பில் உலக மனித உரிமைகள், சனநாயகம், நீதி பற்றிப் பொதுக் கலந்துரையாடல்களை ஒழுங்கு செய்துவரும் நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகத்தாருக்கும்,

வணக்கம்.

காணாமல் ஆக்கப்பட்டோர் நாளான ஓகஸ்ட் 30, மனித உரிமைகள் நாளான டிசம்பர் 10 என்று நாட்கள் நெருங்கும்போதெல்லாம் உங்கள் அழைப்பிதழ்கள் வந்துவிடுகின்றன. கொள்ளுப்பிட்டிப் பக்கத்து ஹோட்டலோ பௌத்தாலோக மாவத்தை மாநாட்டு மண்டபமோ, இயன்றபோதெல்லாம் வந்து பின்வரிசையில் இருந்து கேட்டிருக்கிறேன். உங்கள் முயற்சியைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆர்ஜென்டீனாவின் தாய்மார், தென்னாபிரிக்காவின் உண்மை ஆணைக்குழு, காம்பியாவின் விசாரணைகள் எல்லாவற்றையும் முதலில் கேட்டது உங்கள் மேடைகளில்தான். ஆனால் அங்கே கேட்டது முற்பாதி மட்டுமே. பிற்பாதியை நானாகத் தேடி வாசிக்க வேண்டியிருந்தது.

ஆர்ஜென்டீனாவையே எடுங்கள். 1977 ஏப்ரலில் புவெனஸ் அயர்ஸின் மாயோ சதுக்கத்தில் பிள்ளைகளைத் தேடிய தாய்மார் கூடத் தொடங்கினார்கள். 1983இல் இராணுவ ஆட்சி போனது. 1984இல் ஆணைக்குழுவின் அறிக்கை ஒன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவானோர் காணாமல் ஆக்கப்பட்டதைப் பதிவு செய்தது. 1985இல், இராணுவ ஆட்சிக்குத் தலைவராக இருந்த ஜெனரல் விடேலாவுக்கு ஆயுள் தண்டனை. உங்கள் பேச்சாளர்கள் அநேகமாக இந்த இடத்தில் நிறுத்துவார்கள். கைதட்டல் விழும், தேநீரும் பட்டீஸும் வரும்.

அடுத்த வருடமே புதிய வழக்குகளுக்கு 60 நாள் கெடு வைத்து ஒரு சட்டம் வந்தது. 1987இல், கட்டளைக்குக் கீழ்ப்படிந்த அதிகாரிகளைத் தண்டிக்க முடியாது என்று இன்னொன்று. 1990இல் விடேலாவே சனாதிபதியின் மன்னிப்பில் வீட்டுக்குப் போய்விட்டார். வழக்குகள் அநேகமாக நின்றுபோயின. அவ்வளவு காலமும் அந்தத் தாய்மார் வியாழக்கிழமை தோறும் சதுக்கத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள் என்பதைப் படமாகக் காட்டுகிறீர்கள். நடந்ததோடு வேறு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

அந்தச் சட்டங்களில் ஓர் ஓட்டை இருந்தது. தடுத்து வைக்கப்பட்ட பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைக் களவாடிக் கொடுத்த குற்றத்துக்கு அவை விலக்களிக்கவில்லை. அந்தக் குழந்தைகளின் பாட்டிமார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகளை இரத்தப் பரிசோதனையால் அடையாளம் காண விஞ்ஞானிகளைத் தேடிப் போனார்கள். 1987இல் மரபணுத் தரவுகளைச் சேர்த்து வைக்கும் தேசிய வங்கி ஒன்று சட்டத்தால் உருவானது. மன்னிப்புப் பெற்று வெளியே இருந்த விடேலா 1998இல் திரும்பவும் கைதானது இந்தக் குழந்தைகள் வழக்கில்தான். 2003இல் பாராளுமன்றம் அந்த இரண்டு சட்டங்களையும் இரத்துச் செய்தது, 2005இல் உச்ச நீதிமன்றம் அவை அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2013இல் விடேலா சிறையிலேயே இறந்தார்.

உங்கள் மண்டபங்களில் யாராவது ஒருவர் எழுந்து, 'அங்கே அரசியல் விருப்பம் இருந்தது, எங்களிடம் அது இல்லை' என்று சொல்லாத கூட்டம் அரிது. எல்லோரும் தலையாட்டுவார்கள், பேச்சு அதோடு முடியும். பிற்பாதி தெரிந்தவருக்கு அப்படித் தலையாட்ட வராது. அங்கேயும் பல வருடம் அரசியல் விருப்பம் இருக்கவில்லை. இருந்த சட்டத்துக்குள்ளே எதைப் பிடிக்கலாம் என்று தேடிய சிலர் இருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலும் வவுனியாவிலும் பிள்ளையின் படத்தோடு இருக்கும் தாய்க்கு உதவக்கூடிய பகுதி இது.

தென்னாபிரிக்காவின் கதையும் உண்மை ஆணைக்குழுத் தலைவர் டெஸ்மண்ட் டுட்டுவின் கண்ணீரோடு நின்றுவிடுகிறது. ஆணைக்குழு 300க்கும் மேற்பட்ட விடயங்களை வழக்குத் தொடுநரிடம் ஒப்படைத்தது. மிகச் சிலவே நீதிமன்றம் போயின. நிறவெறி ஆட்சியை எதிர்த்ததற்காக 1985இல் கொல்லப்பட்ட, கிராடொக் நால்வர் எனப்படுவோரின் குடும்பங்கள் மூன்றாவது மரண விசாரணையில் இருந்தது 2025இல். அதே வருடம், வழக்குகளைத் தடுத்தது யார் என்று ஆராயச் சனாதிபதி ரமபோசா இன்னோர் ஆணைக்குழுவை நியமிக்க வேண்டியதாயிற்று. ஆணைக்குழு பற்றியே ஓர் ஆணைக்குழு! இதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.

காம்பியாவில், முன்னாள் சனாதிபதி யாயா ஜமேயின் ஆட்சிக் கொடுமைகள் பற்றிய சாட்சியங்கள் 2019 முதல் 2021 வரை தொலைக்காட்சியிலும் வானொலியிலும் நேரடியாகப் போயின. பத்திரிகையாளர் டெய்டா ஹைடாராவின் கொலையை அதில் பங்கெடுத்தவரே நாடு பார்க்கச் சொன்னார். பிறகு அந்தக் கொலைப்படையின் சாரதி ஒருவருக்கு 2023இல் ஜேர்மனியிலும், முன்னாள் உள்துறை அமைச்சருக்கு 2024இல் சுவிற்சர்லாந்திலும் தண்டனை கிடைத்தது. எங்கள் சனம் நிறைந்து வாழும் நாடுகள் இவை இரண்டும். ஆனாலும் அங்குள்ள சட்டங்கள் எப்படி வேலை செய்கின்றன, ஒரு முறைப்பாட்டை யார் எங்கே கொடுக்கலாம் என்று விளக்கும் ஒரு கூட்டத்துக்கு இன்னும் எனக்கு அழைப்பு வரவில்லை.

எங்கள் கதைக்கும் பிற்பாதி உண்டு. கடும் மனித உரிமை மீறல்களை விசாரிக்க 2006இல் நியமிக்கப்பட்ட உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது 2015இல். அதை அவதானிக்க வந்த, இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையிலான குழு 2008இலேயே விலகிப் போய்விட்டது. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி ஏழாயிரத்துக்கும் அதிகமான கருத்துகளைத் திரட்டிய செயலணியின் அறிக்கை 2017 சனவரியில் வெளிவந்தது. அதை இன்று எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள்? காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தும் ஆணையாளர்கள் அமர 2018 ஆயிற்று. 2008, 2009 காலத்தில் கொழும்பிலும் அயலிலும் 11 பேர் கடத்தப்பட்ட வழக்கில் முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டுகளைத் தொடர்வதில்லை என்று 2021இல் சட்டமா அதிபர் தீர்மானித்தார். உங்கள் வாசலில் நடந்த வழக்கு இது. இதைக் கிராடொக் வழக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் மேடை ஒன்று இருந்தால் நான் முன்வரிசைக்கே வருவேன்.

ஆகவே கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளரை அழைக்கும்போது, அறிக்கை வெளியான மறுவருடத்திலிருந்து பேச்சைத் தொடங்கும்படி சொல்லுங்கள். அவருக்குப் பக்கத்தில், இந்த நாட்டின் ஆணைக்குழுக்கள் முன் சாட்சியம் கொடுத்து அலுத்த ஒருவரை இருத்துங்கள். கண்ணீர்க் கதை சொல்ல வேண்டாம், வந்தவரைக் கேள்வி கேட்கட்டும். கேள்வி நேரம் கடைசிப் பத்து நிமிடமாக இருந்தால் அது நடக்காது, பாதி நேரத்தைச் சபைக்குத் தாருங்கள். வேலை நாள் காலை பத்து மணிக்கு முகத்துவாரத்திலிருந்து யார் வருவார்? ஞாயிறு பின்னேரம், கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு மண்டபம் போதும். கிளிநொச்சியிலிருந்து வருபவர்களுக்கு பஸ் காசும் இரவு தங்க இடமும் ஒழுங்கு செய்தால், ஹோட்டல் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் காசில் பெரும்பகுதி மிஞ்சும் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் கூட்டத்துக்குத் தலைப்பு வேண்டுமென்றால் ஆர்ஜென்டீனாவின் அந்த ஓட்டையை எடுங்கள். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க, வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான எங்கள் சட்டத்தில் எதைப் பிடிக்கலாம், எங்கே கைநழுவுகிறது என்று ஒரு சட்டத்தரணி அரை மணித்தியாலம் விளக்கட்டும். கதிரை அடுக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசி ஒருவர்