கொரிந்த் நகரத்துக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கும், இந்த மடல் போய்ச் சேர வேண்டிய மற்ற அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் களங்களைப் பார்க்கப் புறப்பட்ட எனக்கு, டென்னசி மாநிலத்தின் ஷைலோ போர்க்களத்தில் அன்று மாலை என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மணிக்கொரு தடவை செய்தி கேட்டுக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் நீங்கள்தாம் என்பதால் அதை மறுபடியும் இங்கே விவரிக்கப் போவதில்லை. தையல் பிரித்தாகிவிட்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்க முடிகிறது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடிந்தவுடன் செய்யும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். நன்றியைச் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அது வெறும் மரியாதையாகிவிடும்.

ஷைலோவின் பிளடி பாண்ட் (இரத்தக் குளம்) என்னும் குளத்தின் கரையில் என்னைக் கண்டதும் தங்கள் காரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த அந்த வயதான தம்பதியர், அவர்கள் அழைத்த சில நிமிடங்களில் வந்து நின்ற பூங்கா ரேஞ்சர்கள், மிசிசிப்பி மாநிலத்திலுள்ள கொரிந்த் வரையிலான இருபது மைலுக்கு மேற்பட்ட தூரமும் என் கையை விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்த ஆம்புலன்ஸ் இளைஞர், அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், இரவுப் பணியிலிருந்த செவிலியர்கள், என் மகள் விமானம் பிடித்து வந்து சேரும்வரை முறை வைத்துக்கொண்டு ஹன்ட்ஸ்வில்லிலிருந்தும் மெம்ஃபிஸிலிருந்தும் வந்து உடனிருந்த தமிழ்க் குடும்பங்கள், நான் தங்கியிருந்த விடுதியை நடத்தும் குஜராத்தி அம்மையார் என எல்லோருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். விடுதி அம்மையார் என் பெட்டியைக் கட்டிவைத்து, அறை வாடகையை வாங்க மறுத்து, கடைசிவரை என்னைப் ‘பென்’ (குஜராத்தியில் சகோதரி) என்றே அழைத்தார். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் வரும். இந்தப் பொது மடலின் பெரும்பகுதியை ஒருவருக்காக எடுத்துக்கொள்கிறேன். அதற்காக மற்றவர்கள் என்மேல் வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அவர் கொரிந்தில் ஒரு சிறிய உணவகத்தின் சமையற்காரர்; கடையும் அவருடையதே. எழுபதைத் தாண்டிய கறுப்பின அம்மாள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்க, நான் எதற்காக அந்தப் பக்கம் போனேன் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அட்லான்டாவிலிருந்து புறப்பட்டு, 1863 செப்டம்பரில் ஏறத்தாழ 34,000 பேர் மாண்டும் காயப்பட்டும் காணாமலும் போன சிக்கமாகா, பிறகு மர்ஃப்ரீஸ்பரோவுக்கு அருகிலுள்ள ஸ்டோன்ஸ் ரிவர், ஏறக்குறைய ஐந்தே மணி நேரச் சண்டையில் தெற்கத்திப் படை (பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை) தன் தளபதிகளில் ஆறு பேரை இழந்த ஃபிராங்க்ளின், அங்கிருந்து லாரிகளுக்கு அனுமதியில்லாத நாச்செஸ் டிரேஸ் சாலை வழியாகத் தெற்கே இறங்கி ஷைலோ, கொரிந்த், பிரைசஸ் கிராஸ்ரோட்ஸ், கடைசியில் விக்ஸ்பர்க் என்று என் பாதையை வகுத்திருந்தேன். ஒவ்வொரு போர்க்களத்துக்கும் அருகிலுள்ள ஊரில், சங்கிலிக் கடைகளைத் தவிர்த்து, உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடத்தில் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும் என்பதும் திட்டத்தின் பாதி. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் உண்டு. 1862 ஏப்ரல் 6ஆம் தேதி விடியற்காலையில், கொரிந்திலிருந்து மழையிலும் சேற்றிலும் நடந்து வந்து, கையிலிருந்த உணவையெல்லாம் வழியிலேயே தீர்த்துவிட்ட தெற்கத்தி வீரர்கள், ஷைலோவில் வடக்கத்திப் படையின் (அமெரிக்க ஒன்றிய அரசின் படை) கூடாரங்களுக்குள் பாய்ந்தபோது, அங்கே அடுப்பில் இருந்த காலை உணவைக் கண்டு பலர் சண்டையை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு விக்ஸ்பர்க்கில் 47 நாள் முற்றுகைக்குள் சிக்கியவர்கள் பட்டாணி மாவில் ரொட்டி சுட்டும், கடைசியில் கோவேறு கழுதையை அறுத்தும் தின்றார்கள். போர்க்கள வழிகாட்டிப் பலகைகள் எந்தப் படைப்பிரிவு எந்த மரத்தடியில் நின்றது என்பதை அடி கணக்கில் சொல்கின்றன. அவர்களுக்கு யார் சமைத்துப் போட்டார்கள் என்பதைச் சொல்வதில் அந்த அக்கறை இல்லை.

ஆனால் நான் புலால் உண்ணாதவள். அமெரிக்கத் தெற்கின் உணவகங்களில் இது ஒரு விசித்திரமான நிலைமை. ‘மீட் அண்ட் த்ரீ’ கடைகளில் ஒரு இறைச்சியும் மூன்று காய்கறிகளும் தட்டில் வரும். இறைச்சி வேண்டாம் என்பவர்கள் நான்கு காய்கறிகளை வாங்கிக்கொள்ளலாம். அங்கே மக்ரோனியும் சீஸும் காய்கறிக் கணக்கில்தான் சேரும் என்பதை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். சிக்கல் என்னவென்றால், காலர்ட் கீரையும் பின்டோ பீன்ஸும் பச்சைக் காய்களும் பெரும்பாலும் புகையூட்டிய பன்றிக்கால் துண்டு போட்டுத்தான் மணிக்கணக்கில் வேகும். அதுவே அந்தச் சமையலின் உயிர். குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. கொரிந்துக்கு வந்த முதல் நாள் மதியம் அந்த அம்மாளின் கடையில் நான் எதில் பன்றி இல்லை என்று கேட்டதும், அவர் சமையலறையிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, “வறுத்த வெண்டைக்காய் இருக்கிறது, தக்காளி இருக்கிறது, மற்றதை நாளைக்கு உனக்காகத் தனியாக வைக்கிறேன், பேபி” என்றார். அடுத்த நாள்தான் நான் ஷைலோவுக்குப் போனேன். மாலையில் திரும்பி வந்து அந்த பீன்ஸைச் சாப்பிடுவதாக இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து நீராகாரம் மட்டும் என்று சொன்ன நாட்களில், வேளாவேளைக்கு என் தட்டில் கோழி ரசமும் ஜெல்லியும் ஆப்பிள் சாறும் வந்தன. ஜெல்லி எதிலிருந்து செய்யப்படுகிறது என்பதைப் பாவம் அந்தப் பணியாளர்கள் என்னிடமிருந்துதான் தெரிந்துகொண்டார்கள். ஆகவே ஆப்பிள் சாறு, ஆப்பிள் சாறு, மறுபடியும் ஆப்பிள் சாறு. இதை விடுதி அம்மையாரிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தேன். நான் தினமும் அந்தக் கடையைப் பற்றிப் பேசியது நினைவிருந்ததால் அவர் கடைக்கே போய்ச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் பிற்பகல், கடை அடைத்த கையோடு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அந்த அம்மாள் அறை வாசலில் நின்றார். கையில் துண்டு சுற்றிய ஒரு மூடிபோட்ட பாத்திரம். செவிலியரிடம் நேராகப் போய், உள்ளே என்ன இருக்கிறது, என்னென்ன போட்டிருக்கிறது, என்ன போடவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, மருத்துவரிடம் கேட்டு வரச்செய்து, அனுமதி கிடைத்த பிறகே மூடியைத் திறந்தார். கிரிட்ஸ் எனப்படும் மக்காச்சோள நொய்யை, வெண்ணெயோ பாலோ சேர்க்காமல், குடிக்கிற பதத்துக்கு நீர்க்கக் காய்ச்சி, உப்பு மட்டும் போட்டிருந்தார். பாதிக் கிண்ணம் குடித்தேன். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

திட உணவுக்கு அனுமதி கிடைத்த நாளில் வந்ததைத்தான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உயரமான ஒரு கண்ணாடிக் குவளை, நீளக் காம்புள்ள கரண்டி, ஒரு பாட்டில் மோர், அலுமினியத் தாளில் பொதிந்த கார்ன்பிரெட் எனப்படும் மக்காச்சோள ரொட்டி. ரொட்டியைக் குவளைக்குள் உதிர்த்துப் போட்டு, அது மூழ்கும் வரை கெட்டி மோரை ஊற்றி, உப்புத் தூவி, ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் வைத்திருந்து கையில் கொடுத்தார். தெற்கத்திக் கிராமங்களில் பெரியவர்கள் இரவில் இதைத்தான் சாப்பிடுவார்களாம். இளைய தலைமுறை முகம் சுளிக்கிறதாம். பழைய சோற்றில் மோரை விட்டுக் கரைத்துக் குடித்து வளர்ந்த எனக்கு முதல் கரண்டியிலேயே கண் கலங்கிவிட்டது. வலியா என்று பதறினார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த ரொட்டியின் ஓரம் பொன்னிறமாக இல்லாமல் வெளுத்திருந்தது. அதைப் பற்றி அவரே வருத்தப்பட்டுச் சொன்னார்: கார்ன்பிரெட் என்றால் வார்ப்பிரும்புச் சட்டியில் சுட வேண்டும், அப்போதுதான் அடி மொறுமொறுப்பாகும். அவருடைய சட்டி அவருடைய பாட்டி வைத்திருந்தது. அதன்மேல் இரண்டு தலைமுறைப் பன்றிக்கொழுப்பு ஏறியிருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அது போகாது, போகவும் கூடாது. அதனால் எனக்காகக் கடையில் ஒரு புதிய அலுமினியத் தட்டு வாங்கி, தாவர எண்ணெய் தடவி, அதில் சுட்டிருந்தார். “நன்றாக வரவில்லை, ஆனால் சுத்தமாக இருக்கிறது” என்றார். அவராகச் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை; சட்டியிலேயே சுட்டுக் கொடுத்திருந்தால் நான் நன்றியோடு தின்றிருப்பேன். யாரும் சரிபார்க்க முடியாத இடத்தில், முன்பின் தெரியாத ஒருத்தியின் விரதத்தை, தன் சமையலின் பெருமையை விட்டுக்கொடுத்து, அவர் காப்பாற்றியிருக்கிறார். பணம் கொடுக்க முயன்றபோது என் மகளின் கையை மூடிவிட்டார்.

அந்தப் பிற்பகல்களில் அவர் சொல்லித்தான் கொரிந்தின் இன்னொரு பக்கம் எனக்குத் தெரிந்தது. எனக்கு அந்த ஊர் இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் சந்திப்பு. அதைப் பிடிக்கத்தான் வடக்கத்திப் படை டென்னசி ஆற்றங்கரைக்கு வந்தது, அதனால்தான் ஷைலோ நடந்தது என்ற அளவில்தான் படித்திருந்தேன். 1862 இறுதியில், தோட்டங்களிலிருந்து தப்பி வந்த அடிமை மக்களுக்காக அங்கே ஒரு முகாம் எழுந்தது. வீடுகள், பள்ளி, தேவாலயம், கூட்டுப் பண்ணை என்று ஒரு முழு ஊராகவே வளர்ந்து, ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 6,000 பேர் அங்கே வாழ்ந்தார்கள். 1863 டிசம்பரில் வடக்கத்திப் படை அங்கிருந்து நகர்ந்தபோது மக்களை மெம்ஃபிஸுக்குக் கொண்டுபோனார்கள். அந்த முகாமிலிருந்து சேர்ந்த ஆண்களைக் கொண்டு ஒரு காலாட்படைப் பிரிவு உருவானது. பின்னர் வடக்கத்திப் படையின் 55ஆவது கறுப்பினப் படைப்பிரிவு என்று பெயர் பெற்று, 1864 ஜூன் 10ஆம் தேதி பிரைசஸ் கிராஸ்ரோட்ஸில் நின்று போரிட்டது. “நீ போகிற இடத்துக்கெல்லாம் தளபதிகளைத் தேடித்தானே போகிறாய், எங்கள் ஆட்களையும் பார்த்துவிட்டுப் போ” என்று அந்த அம்மாள் சொன்னதில் கடுமை இல்லை. ஆனால் எனக்கு உறைத்தது.

ஷைலோவுக்குப் பிறகு கொரிந்தே ஒரு மருத்துவமனையானது என்பதையும் படுக்கையில் இருந்தபடிதான் படித்தேன். ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த டிஷோமிங்கோ ஹோட்டல், தேவாலயங்கள், பெண்கள் கல்லூரி, வீடுகள் எல்லாவற்றிலும் காயப்பட்டவர்களைக் கிடத்தியிருந்தார்கள். அலபாமாவின் மொபீல் நகரிலிருந்து ரயிலேறி வந்து அந்த ஹோட்டலில் பணி செய்த கேட் கம்மிங் என்ற பெண்ணின் நாட்குறிப்பு 1866இல் அச்சானது. அதே ஊரில் நானும் ஒரு கட்டிலில் கிடந்தேன் என்பதை நினைக்கும்போது, ஷைலோவில் இரண்டு நாட்களில் மாண்டும் காயப்பட்டும் காணாமலும் போனவர்கள் ஏறத்தாழ 23,700 பேர் என்று நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த எண் வேறு விதமாகத் தெரிகிறது. அவர்களில் காயப்பட்ட ஒவ்வொருவரும் யாராவது ஒருவர் கொடுக்கும் தண்ணீருக்காகக் காத்திருந்தவர்கள். குளக்கரையில் இரு தரப்புக் காயம்பட்டவர்களும் ஒரே நீரைக் குடித்தார்கள் என்று வழிவழியாகச் சொல்வதை அன்று மதியம் பலகையில் படித்துவிட்டு அடுத்த நிறுத்தத்துக்கு நகர இருந்தவள் நான்.

இனித் தனியாக எங்கும் போகாதே என்று அன்பினால் சொன்னவர்கள் பலர். உங்கள் அக்கறைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் போகத்தான் போகிறேன். மருத்துவர் அனுமதித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். முதலில் கொரிந்தில் அந்த முகாம் இருந்த இடத்துக்கு. இப்போது அங்கே வெண்கலச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். பிறகு பிரைசஸ் கிராஸ்ரோட்ஸ். அதன் பிறகு விக்ஸ்பர்க் தேசியக் கல்லறை. அங்கே அடங்கியிருக்கும் சுமார் 17,000 வீரர்களில் ஏறத்தாழ 7,000 பேர் கறுப்பின வீரர்கள். தளபதிகளின் சிலைகளுக்கு முன்னால் அந்த வரிசைகளைப் பார்ப்பதாக அந்த அம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவருக்கு என்ன அனுப்பலாம் என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். பணம் வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவர் கடையில் சாப்பிடுங்கள். கடையின் பெயரைக் கேட்பவர்களுக்குத் தனியே சொல்கிறேன், அதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். மதியம் மட்டும்தான் திறந்திருக்கும், இரண்டு மணிக்கு அடைத்துவிடுவார், வங்கி அட்டை வாங்க மாட்டார். புலால் உண்ணாதவர்கள் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால் பீன்ஸைத் தனிப் பாத்திரத்தில் வைப்பார். அலுமினியத் தட்டை எனக்காக எடுத்து வைத்திருக்கிறார், உங்களுக்கும் அதிலேயே சுட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.